அல்சூர் ஜோடியும் ஐந்து கூடுகளும்

போன அக்டோபரில், ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், பெங்களூரு அல்சூரிலிருந்து போன் வந்தது. தூரத்து உறவில் அக்கா முறை. "தம்பி, இந்தக் குருவிங்களுக்கு எதை வெச்சாலும் பிடிக்க மாட்டேங்குது. நாலு கூடு மாத்திட்டேன். இப்போ தீனிக் கிண்ணத்துல முட்டை போட்டு வெச்சிருக்கு" என்றார். பாதி கவலை, பாதி கோபம். மருமகளைப் பற்றிப் புகார் சொல்கிற தொனி. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நான் பறவை மருத்துவர் இல்லை. அதே ஊரில் கம்மனஹள்ளியில் 15 வருடமாக ஃபின்ச் என்கிற சின்னக் குருவிகளை வளர்க்கிறேன், அவ்வளவுதான். ஆனால் "என் குருவி ரொம்ப செலக்டிவ்" என்று யாராவது சொன்னால் நேரில் போய்ப் பார்க்கத் தோன்றும். அப்படிப் பார்த்ததில் இந்த ஒரு ஜோடியின் கதையை மட்டும் தேதி வாரியாகக் குறித்து வைத்திருந்தேன். அதற்குக் காரணம், நானே இதில் ஒரு தப்பு செய்தேன். அது பின்னால் வரும்.

முதலில் பறவைகள். இரண்டும் ஜீப்ரா ஃபின்ச். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிப் பறவை. நம் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது, எடை 12 கிராம் சுமார். ஆணுக்குக் கன்னத்தில் செங்கல் நிறத் திட்டு, மார்பில் மெல்லிய கறுப்புக் கோடுகள். பெண் வெறும் சாம்பல். சத்தம் பொம்மைக் கார் ஹாரன் மாதிரி இருக்கும். இதை வளர்க்கத் தடை இல்லை. கடையில் "சிவப்பு முனியா இருக்கு, வேணுமா" என்று ரகசியமாகக் கேட்பார்கள். அது நம் ஊர்ச் சில்லை. அதைப் பிடிப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அக்காவிடமும் கேட்டிருக்கிறார்கள், நல்லவேளையாக வாங்கவில்லை.

அடுத்து இடம். இரண்டாம் மாடி பால்கனி. கூண்டு மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரம். நீளவாக்கில் முதுகு சுவரை ஒட்டி இருந்தது. இடது முனை வீட்டுக்குள் தள்ளி, மேலே மாடிச் சரிவின் நிழலில். வலது முனை தெருவைப் பார்த்து. தெருவில் ஒரு விளக்குக் கம்பம், அதன் மேல் எந்நேரமும் ஒரு காகம். தீனிக் கிண்ணம், தண்ணீர்க் கிண்ணம், கதவு மூன்றும் நடுவில். அக்கா எல்லாக் கூட்டையும் தொங்கவிட்டது அந்தக் கதவுக்கு மேலேதான். "அங்கதான் எனக்குக் கை எட்டும்" என்றார். நியாயமான பதில்தான், நமக்கு.

இனி நாலு கூடுகள். அக்காவின் போனில் தேதியோடு படங்கள் இருந்ததால் வேலை சுலபமாயிற்று. ஆகஸ்ட் முதல் வாரம், தேங்காய் நாரில் பின்னிய உருண்டைக் கூடு: திரும்பியும் பார்க்கவில்லை. ஆகஸ்ட் கடைசி, மண் கலயம். பாட்டரி டவுனில் ஒரு குயவரிடம் தமிழிலேயே பேரம் பேசி வாங்கி, வாய் பக்கவாட்டில் இருக்கும்படி கம்பி கட்டித் தொங்கவிட்டது: ஆண் ஒரு முறை உள்ளே போய் வந்தது, பெண் போகவே இல்லை. செப்டம்பர், பிரம்புக் கூடை: இரண்டு ராத்திரி இரண்டும் உள்ளே தூங்கின, மூன்றாம் நாள் வெளியே வந்துவிட்டன. அக்டோபர், கடைக்காரர் கொடுத்த மரப்பெட்டி: ஆண் ஒரு வாரம் புல்லாகக் கொண்டுபோய்க் கொட்டியது, பெண் கிண்ணத்தில் முட்டை இட்டது.

நாலையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால் "எதுவுமே பிடிக்கவில்லை" என்றுதான் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் அப்படி இல்லை.

ஜூலை கடைசியில் வாங்கி வந்த அன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டுக்கும் அலகு கறுப்பு. ஜீப்ரா ஃபின்ச் குஞ்சுக்கு அலகு கறுப்பாக இருக்கும், வளர வளர ஆரஞ்சாக மாறும், ஆணுக்கு நல்ல சிவப்பாகவே ஆகிவிடும். அலகு இவ்வளவு கறுப்பு என்றால் வாங்கியபோது வயது இரண்டு மாதம்கூட இருக்காது. "ஜோடி சேர்ந்த செட்டுங்க, அடுத்த வாரமே முட்டை வைக்கும்" என்று கடையில் சொன்னார்களாம். இரண்டு பால்வாடிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து, வீடு பிடிக்கவில்லையா என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் அக்கா. ஆகஸ்ட் தோல்விகள் இரண்டையும் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டேன். நார் உருண்டை மேலும் கலயத்தின் மேலும் அந்தச் சமயத்தில் எந்தக் குற்றமும் சொல்ல முடியாது.

பிரம்புக் கூடை வேறு விஷயம். இரண்டு ராத்திரி தூங்கிவிட்டு வெளியே வருவது பிடிக்காததால் அல்ல, ஏதோ விரட்டியதால். கூடை எங்கே வாங்கியது என்று கேட்டேன். வாங்கவில்லை, தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடந்தது, முன்பு அவர்கள் குருவி வளர்த்தார்களாம். கூடையை எடுத்து, மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, அதன் மேல் நாலு தட்டு தட்டினேன். தூசி விழுந்தது, இரண்டு காய்ந்த எச்சம் விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தூசியில் சில புள்ளிகள் நடக்கத் தொடங்கின. உப்புக் கல்லைவிடச் சின்னது, சாம்பல் நிறம். ஒன்றை நகத்தால் நசுக்கினால் தாளில் சிவப்புக் கோடு. அக்கா கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

செவ்வுண்ணி. பகலில் பிரம்பின் பின்னல் இடுக்கில் ஒளிந்திருக்கும், ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். பறவையே இல்லாத வெறும் கூட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அதுதான் இதில் மோசம். பிரம்புக் கூடை கெட்டது என்று நான் சொல்லவில்லை. புதிதாக வாங்கி, கொதிநீரில் முக்கி, வெயிலில் காயவைத்துத் தொங்கவிட்டால் ஜீப்ரா ஃபின்ச் ஆசையாகவே ஏறும். ஆனால் இன்னொருவர் வீட்டுப் பழைய கூடை மட்டும் வேண்டாம். அதை அன்றே எரித்தோம். கூண்டின் மூட்டு, கம்பி முடிச்சு எல்லாம் கொதிநீர் ஊற்றித் தேய்த்தோம். பறவைகளுக்கான மருந்தை, பறவை பார்க்கிற கால்நடை மருத்துவர் ஒருவரிடம் அக்காவே போய் வாங்கி வந்தார். அந்தச் சொட்டு மருந்தை நாமாக அளவு போட்டு வைக்கக் கூடாது, 12 கிராம் உடம்பு அது.

மரப்பெட்டியை உள்ளே கைவிட்டுப் பார்த்ததுமே புரிந்தது. அது லவ்பேர்ட்ஸ் பெட்டி, கடையில் அந்தப் பெயரில் விற்கும் பட்ஜி கிளிகளுக்கானது. ஓட்டை மேலே, தரை எட்டு அங்குலம் கீழே. லவ்பேர்ட்ஸுக்கு அது சரி, அவை வெறும் பலகையிலேயே முட்டை வைக்கும். ஃபின்ச் அப்படி இல்லை. கிடைத்த பள்ளத்தை நிரப்பி, தன் உயரத்துக்கு மேடு கட்டி, அதன் மேல் கிண்ணம் போலக் குழி செய்தால்தான் முட்டை. அந்த ஆண் ஒரு வாரத்தில் சேர்த்திருந்த புல்லையும் நாரையும் வெளியே எடுத்தேன், அரை வாளி வந்தது. இன்னும் பாதிப் பெட்டி காலி. பெண்ணுக்கு முட்டை தயார், வீடு தயாராகவில்லை. அதனால் பக்கத்தில் இருந்த தினைக் கிண்ணம். கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

சேர்த்த புல்லோடு ஊதா நிற உல்லன் நூலும் வந்தது. அக்கா ஸ்வெட்டர் பின்னுவார், மிச்ச நூலைத் துண்டு துண்டாக நறுக்கிக் கூண்டில் போட்டிருக்கிறார், ஆண் அதைத்தான் முதலில் எடுக்குமாம். "அதுக்கு ஊதான்னா உயிரு" என்றார் பெருமையாக. நிறத்தைக் கவனிக்கும் என்பது உண்மைதான். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஜீப்ரா ஃபின்ச் ஆண்களை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். கூண்டுச் சுவரில் ஒரு நிறக் காகிதம் ஒட்டி, கூடு கட்ட இரண்டு நிறக் காகிதத் துண்டுகள் கொடுத்தால், பெரும்பாலும் சுவரோடு ஒத்துப்போகிற நிறத்தையே எடுத்துக் கட்டின. கூடு கண்ணில் படாமல் இருக்க. அல்சூர் பால்கனிச் சுவரும் நல்ல நீலம்தான்.

ஆனால் நூல் ஆபத்து. பெண் குருவி கம்பியில் உட்கார்ந்தபோது ஒரு கால் மட்டும் சரியாகப் பிடிக்காமல் வழுக்கியது. கையில் பிடித்துத் திருப்பினேன். பின்விரலில் ஒரே ஒரு இழை, மயிர் கனம், இரண்டு சுற்று. விரல் நுனி வீங்கிக் கறுக்க ஆரம்பித்திருந்தது. அக்கா டார்ச் பிடிக்க, நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியின் நுனியை இழைக்கும் தோலுக்கும் நடுவில் நுழைக்க எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. குருவியின் நெஞ்சு என் உள்ளங்கையில் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. விரல் பிழைத்தது. அன்றோடு நூல், பஞ்சு, சாக்கு இழை எல்லாம் நிறுத்தம். காய்ந்த அருகம்புல், மூன்று நாலு அங்குலமாக நறுக்கிய தேங்காய் நார், இவை போதும்.

சரி, இப்போது முக்கியமான கேள்வி. வயது வந்துவிட்டது, உண்ணி போய்விட்டது. இனி எந்தக் கூடு? கடையில் இன்னொன்று வாங்குவதற்கு முன்னால், இது கூட்டின் பிரச்சினையா, கூடு இருக்கும் இடத்தின் பிரச்சினையா என்று பிரித்துப் பார்க்க நினைத்தேன். எனக்கு ஒரு சந்தேகம். காட்டில் இவை முள்புதருக்குள், மேலே மூடிய, பக்கத்தில் வழி வைத்த உருண்டையாகக் கூடு கட்டும். மறைவு வேண்டும், உயரம் வேண்டும், ஆடக் கூடாது. அக்கா கூடு வைத்த இடத்தில் இந்த மூன்றும் இல்லை. கதவுக்கு மேலே, எல்லோரும் கை நுழைக்கும் இடத்தில், கம்பியில் ஊஞ்சலாடிக்கொண்டு.

ஆகஸ்டில் ஒதுக்கப்பட்ட அதே மண் கலயத்தை எடுத்துக் கழுவினேன். கூடவே ஐந்தாவதாக ஒரு மரப்பெட்டி செய்தேன், ஃபின்ச் அளவில்: எல்லாப் பக்கமும் ஐந்து அங்குலம், முன்பக்கம் கீழ்ப்பாதிக்கு மட்டும் பலகை, மேல்பாதி திறப்பு. இரண்டையும் கூண்டின் கூரையை ஒட்டி, ஆடாமல், ஒரே உயரத்தில் கட்டினேன். பெட்டி இடது மூலையில், சுவர் நிழலில். கலயம் வலது மூலையில், தெருப்பக்கம். இரண்டிலும் அடியில் ஒரு பிடி நார். உயரம் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உயர்ந்ததைத்தான் எடுக்கும், நமக்கு எதுவும் தெரியாமல் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பால்கனியில் மோடா போட்டு உட்கார்ந்தேன். அக்கா கொடுத்த காபி ஆறும் வரை ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஆண் இடது மூலைப் பெட்டிக்குள் போய், தலை மட்டும் வெளியே தெரிய, வழக்கமான ஹாரன் சத்தம் இல்லாமல், ரொம்ப மெல்லிய குரலில் ஏதோ முனகியது. வீடு பார்க்கக் கூப்பிடும் குரல் அது. பெண் கம்பியிலிருந்தே பார்த்தது. போகவில்லை. ஆண் வெளியே வந்து, ஒரு புல்லை நடுவில் கவ்விக்கொண்டு மறுபடி போனது. மறுபடி கூப்பிட்டது. நாலாவது முறை பெண் வாசல் பலகையில் வந்து உட்கார்ந்து, கழுத்தை நீட்டி உள்ளே பார்த்து, போனது. ஒரு நிமிடம் இரண்டும் உள்ளே. வெளியே வந்தபோது பெண் அலகில் ஒரு நார்த்துணுக்கு. அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, ஆனால் அக்கா கைதட்டினார்.

நாலு நாளில் பெட்டியில் அடித்தளம் எழும்பிவிட்டது. வலது மூலைக் கலயத்தில் ஒரு புல்கூட இல்லை. "அப்போ பெட்டிதான் பிடிச்சிருக்கு" என்றார் அக்கா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முட்டை வரும் முன்னால் இரண்டையும் இடம் மாற்றினேன். கலயம் இடது நிழல் மூலைக்கு, பெட்டி, உள்ளே கட்டிய புல்லோடு, தெருப்பக்கம். அக்காவுக்கு இது கொடுமையாகப் பட்டது. "கட்டின வீட்டைப் பிடுங்கி வேற தெருவுல வெச்ச மாதிரி இருக்கு தம்பி" என்றார். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

ஆண் காலையில் வலது மூலைக்குப் போய்த் தன் புல்லை ஒவ்வொன்றாக உருவியது. இடது மூலைக்குக் கொண்டுபோய்க் கலயத்தில் வைத்தது. இரண்டே நாளில் பெட்டி காலி. எந்தக் கலயத்தை ஆகஸ்டில் பார்க்கவே பிடிக்கவில்லையோ அதே கலயம். ஒரு ஜோடியை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் இந்த ஜோடி தேடியது கூட்டை அல்ல, மூலையை. என் அனுபவத்தில் "பிடிக்கவில்லை" என்று சொல்லப்படும் பத்துக் கூட்டில் ஏழெட்டு, இடம் மாற்றினாலே பிடித்துவிடும். பல ஜோடிகள் ஒரே கூண்டில் இருந்தால் கணக்கு வேறு: ஜோடிக்கு இரண்டு கூடு வீதம், எல்லாம் ஒரே உயரத்தில், இல்லையென்றால் உச்சிக் கூட்டுக்குச் சண்டை.

மூலை முடிவானபின் எந்தக் கூடு என்பதை நான் தீர்மானித்தேன், கலயமே இருக்கட்டும் என்று. டிசம்பர் கடைசியில் பெங்களூரு ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கும், மண் சட்டென்று குளிராது. உண்ணி ஒளிய மூட்டு இல்லை. ஐந்தரை அங்குல வயிறு, இரண்டரை அங்குல வாய், அளவும் சரி. உள்ளே வழுவழு என்று இருந்தால் குஞ்சுக்குக் கால் விரிந்துபோகும், அதனால் அடியில் நார் மெத்தை கண்டிப்பாக வேண்டும். ஒரே சிரமம், பெட்டி மாதிரி மூடியைத் திறந்து பார்க்க முடியாது. செல்போன் டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் போதும் என்று அக்காவிடம் சொன்னேன்.

இங்கேதான் என் தப்பு. நவம்பர் நடுவில் முதல் முட்டை என்று போன் வந்தது. நான் வாழ்த்திவிட்டு வைத்துவிட்டேன். புல் போடுவதை நிறுத்தச் சொல்ல மறந்தேன். அக்கா ஆசையாகத் தினமும் ஒரு பிடி அருகம்புல் நறுக்கிப் போட்டிருக்கிறார். ஜீப்ரா ஃபின்ச் ஆணுக்குப் புல் கண்ணில் படும் வரை வேலை முடியாது. முட்டை மேல் புல், புல் மேல் அடுத்த முட்டை, அதன் மேல் மறுபடி புல். பதினைந்து நாள் கழித்து "அடையே உட்கார மாட்டேங்குது" என்றதும் ஓடினேன். கலயத்தின் வாய் வரை புல். விரலால் அடுக்கடுக்காகப் பிரித்தேன். முதல் அடுக்கில் இரண்டு முட்டை, கீழே ஒன்று, அதற்கும் கீழே இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு கிராம் இருக்கும், சில்லென்று இருந்தன. ஃபின்ச் வளர்ப்பவர்கள் இதை சாண்ட்விச் கூடு என்று கேலியாகச் சொல்வோம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் அந்த ஐந்தையும் துளசி மாடத்து மண்ணில் புதைத்தார்.

கலயத்தைக் கழுவிக் காயவைத்து, அடியில் நாரும் ஒன்றரைப் பிடி புல்லும் நாங்களே வைத்து, அதே மூலையில் கட்டினோம். வெளியே ஒரு கைப்பிடி புல், மூன்று நாள் மட்டும். பெண்ணுக்கு கணவாய் மீனின் ஓடு, வேகவைத்த முட்டையை ஓட்டோடு மசித்தது, முளைகட்டிய தினை. டிசம்பர் 8 முதல் முட்டை, அன்றே கூண்டிலிருந்த கடைசிப் புல் வரை பொறுக்கி எடுத்தாயிற்று. நாளுக்கு ஒன்றாக ஐந்து. நாலாவதிலிருந்து அடை. பகலில் இரண்டும் மாறி மாறி, ராத்திரி இரண்டும் சேர்ந்து. தெருவிளக்குப் பக்கம் ஒரு பழைய வேட்டி தொங்கியது, முன்பக்கம் காற்றுக்குத் திறந்திருந்தது.

ஆறாம் நாள் டார்ச் அடித்ததில் நாலில் ரத்த நாளம் தெரிந்தது, ஒன்று வெறும் முட்டை. கிறிஸ்துமஸ் அன்று முதல் குஞ்சு. நாலில் ஒன்று இரண்டாம் நாளே போய்விட்டது, மிச்சம் மூன்று. அடுத்த மூன்று வாரம் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, தீனி வைத்ததும் தூரமாக நின்றதும்தான். பொங்கலன்று காலை மூன்றில் இரண்டு கலயத்து வாயில் வந்து உட்கார்ந்தன. ஒன்று பறக்கத் தெரியாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தது. மூன்றுக்கும் அலகு கறுப்பு. அக்கா படம் எடுத்து அனுப்பினார், கீழே "இதுங்களுக்கு இப்போ கூடு வைக்க மாட்டேன்" என்று எழுதி.

குஞ்சுகள் தானாகத் தின்னும் வரை ராத்திரி அதே கலயத்தில்தான் தூங்கின. ஜனவரி கடைசியில் அவற்றை வேறு கூண்டுக்கு மாற்றி, கலயத்தைக் கழற்றிவிட்டோம். பெண்ணுக்கு ஒரு மூன்று மாதமாவது ஓய்வு வேண்டும், கூடு தொங்கினால் அடுத்த முட்டை வந்துகொண்டே இருக்கும்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். "தம்பி, இடது மூலையில வெறும் கம்பியில புல்லு சொருகுது. நிக்க மாட்டேங்குது, விழுது, மறுபடி எடுத்துட்டுப் போய் அதே எடத்துல சொருகுது."

"புல்லு ஏதுக்கா கூண்டுல?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஒரே ஒரு பிடிதான் போட்டேன்" என்றார்.